கௌரவ நூலகரைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஓய்வு பெறப்போகும் மூத்த மருத்துவர் ஒருவருக்கு என்ன மரியாதை செய்யலாம் என்று யோசித்து, "பழைய புத்தகங்களை அவர் பார்த்துக்கொள்ளட்டுமே" என்று முடிவெடுப்பதுதான் மருத்துவ நிறுவனங்களில் அதிகம் நடக்கும் தவறு. கௌரவ நூலகர் என்பது சம்பளம் இல்லாத பதவிதானே, யாருக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் நூலகத்தின் அன்றாட வேலைக்கு ஊழியர்கள் இருப்பார்கள். நிர்வாகக் குழுவில் அந்தப் பழைய நூல் சேகரிப்புக்காகப் பேசுவதற்குத்தான் கௌரவ நூலகர் வேண்டும். அறையைக் கருத்தரங்குக் கூடமாக்கலாம் என்று யாராவது சொல்லும்போது எழுந்து மறுக்க வேண்டும். சுவரில் ஈரம் ஏறினால் பணம் ஒதுக்கும்வரை விடாமல் கேட்க வேண்டும். மாலை போட்டு உட்காரவைத்தவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

அதனால் விண்ணப்பிப்பவரின் பட்டங்களைவிட, இந்த அலமாரிகளோடு அவருக்கு இருக்கும் பழக்கத்தைக் கேளுங்கள். கடைசியாக எந்தப் பழைய நூலை, எதற்காகத் திறந்து பார்த்தார்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் மருத்துவராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மருத்துவ வரலாறு படித்தவர், செவிலியர், மருந்தாளுநர் யாராகவும் இருக்கலாம். அறிவிப்பை உறுப்பினர்களின் சுற்றறிக்கையோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களுக்கு இப்படிப்பட்டவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

அடுத்த தவறு, பதவிக்காலத்தை எழுதாமல் விடுவது. இதற்கு 17-ஆம் நூற்றாண்டு லண்டனிலேயே பாடம் இருக்கிறது. ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, அங்குள்ள மருத்துவர் கல்லூரிக்கு ஒரு நூலகம் அமைத்துக் கொடுத்தார். 1654-இல் அதன் முதல் காப்பாளராகப் பொறுப்பேற்றவர் கிறிஸ்டோபர் மெரெட். 1660-இல் நூல் பட்டியலையும் வெளியிட்டார். 1666-இல் லண்டனையே எரித்த பெருந்தீயில் கல்லூரிக் கட்டடமும் போனது. நூல்களில் சிறு பகுதியைத்தான் மெரெட்டால் காப்பாற்ற முடிந்தது. நூலகமே இல்லை, இனி நூலகர் எதற்கு என்றது கல்லூரி. தன்னை வாழ்நாள் முழுமைக்கும் நியமித்ததாக வாதாடினார் மெரெட். வழக்கில் தோற்றார், 1681-இல் கல்லூரியிலிருந்தே நீக்கப்பட்டார். நெருப்புக்கு நடுவே நூல்களை மீட்டவருக்கு இப்படி ஒரு முடிவு வந்ததே என்று படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது. எத்தனை ஆண்டு, எத்தனை முறை நீட்டிக்கலாம், கட்டடமோ சேகரிப்போ கைமாறினால் பதவி என்னவாகும் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். ஐந்து ஆண்டு, ஒரு முறை நீட்டிப்பு என்பது என் கணக்கில் போதும். அதற்கு மேல் போனால் சேகரிப்பு அவருடைய சொந்தச் சொத்து போல ஆகிவிடும்.

சம்பள நூலகருக்கும் கௌரவ நூலகருக்கும் நடுவே கோடு போடாததும் பிரச்சினைதான். பட்டியலிடுவது, வாசகருக்கு நூல் எடுத்துக் கொடுப்பது, பழுது பார்க்க அனுப்புவது எல்லாம் தொழில் படித்தவரின் பொறுப்பு. கௌரவ நூலகர் அவருக்கு மேலதிகாரி அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால், மூன்றாம் மாதமே சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்ற சண்டை வந்துவிடும்.

எதையும் தனியாக விற்கவோ கழிக்கவோ அவருக்கு அதிகாரம் கொடுக்காதீர்கள். "இரண்டு பிரதி இருக்கிறது, ஒன்றை விற்று ஏசி போடலாம்" என்ற யோசனை கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கையால் அச்சடித்த காலத்து நூல்களில் இரண்டு பிரதிகள் ஒன்றுபோல இருப்பது அபூர்வம். உடற்கூறியலை மாற்றி எழுதிய வெசேலியஸின் 'ஃபாப்ரிகா' 1543-இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1555-இல். அந்த இரண்டாம் பதிப்பின் ஒரு பிரதியில் பக்க ஓரமெல்லாம் லத்தீனில் திருத்தங்கள் இருந்தன. அடுத்த பதிப்புக்காக வெசேலியஸே தன் கையால் எழுதியவை அவை என்று 2012-இல்தான் ஆய்வாளர் ஒருவர் எடுத்துச் சொன்னார். மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது யாரோ கிறுக்கிவைத்த பிரதி, அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்தது சொந்தச் சேகரிப்பு. பழைய மருத்துவ நூல்களில் ஈடுபாடு உள்ளவர் தானும் வாங்கிச் சேர்ப்பவராகவே பெரும்பாலும் இருப்பார்; அதில் குற்றமில்லை. என்ன வைத்திருக்கிறார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நிறுவனம் ஏலத்தில் கேட்கும் நூலைத் தானும் கேட்கக் கூடாது, நிறுவனத்திலிருந்து வெளியேறும் எதையும் வாங்கக் கூடாது என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

நோயாளிகளின் ரகசியத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். சேகரிப்பில் உள்ள நூறு ஆண்டுக்குள்ளான நோயாளிக் குறிப்பேட்டில் இருக்கும் பெயருக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். மனநலப் பதிவு, பால்வினை நோய்ப் பதிவு என்றால் சொல்லவே வேண்டாம். எதை எத்தனை ஆண்டு மூடிவைப்பது என்று உங்கள் நாட்டுச் சட்டமும் நிறுவன விதியும் சொல்வதை முன்கூட்டியே படிக்கக் கொடுங்கள். சுவையான கதை கிடைத்ததென்று சொற்பொழிவில் பெயரோடு சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

நேர்காணலைக் குழு அறையில் வைக்காமல் நூல்கள் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். தோல் கட்டு போட்ட ஒரு தடித்த நூலை முன்னால் வைத்து, திறக்கச் சொல்லுங்கள். முதுகின் மேல் விளிம்பில் விரலை மாட்டி இழுக்கிறாரா, இரண்டு பக்கமும் பிடித்து எடுக்கிறாரா? 180 பாகைக்கு விரிக்கிறாரா, நூலை முழுதாக விரியாமல் தாங்கும் தாங்கி கேட்கிறாரா? வெள்ளைப் பருத்திக் கையுறை தேடுகிறார் என்றால் படத்தில் பார்த்த பழக்கம். காகித நூலுக்குக் கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது. கையுறை போட்டால் தாளின் விளிம்பு தட்டுப்படாமல் கிழியும். புகைப்படங்களுக்கும், ஆர்சனிக் என்ற நஞ்சு கலந்திருக்கக்கூடிய 19-ஆம் நூற்றாண்டுப் பச்சைத் துணி அட்டைகளுக்கும் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை வேண்டும். இதெல்லாம் தெரியாதவர் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். தெரியாது என்று சொல்லி ஊழியரிடம் கேட்கிறாரா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

கௌரவப் பதவி என்பதற்காகப் போக்குவரத்துச் செலவையும் அவர் தலையில் கட்டாதீர்கள். கட்டினால் வசதி படைத்தவர்கள் மட்டுமே விண்ணப்பிப்பார்கள்.

கடைசியாக, பொறுப்பு கைமாறும்போது இருப்பைச் சரிபார்க்காமல் விடுவது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் டார்வினின் இரண்டு குறிப்பேடுகள் காணவில்லை என்று 2001-இல் தெரிந்தது. எங்கோ இடம் மாறியிருக்கும் என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். திருடு போயிருக்கலாம் என்று 2020-இல்தான் போலீஸுக்குப் போனார்கள். 2022-இல் யாரோ ஒரு பரிசுப் பையில் வைத்துத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு பெரிய நூலகத்துக்கே இந்த நிலை. எல்லாவற்றையும் எண்ண முடியாவிட்டாலும், மிக மதிப்புள்ள ஐம்பது, நூறு உருப்படிகளையாவது பழையவரும் புதியவரும் சம்பள நூலகரும் சேர்ந்து பதிவேட்டோடு ஒப்பிட்டு, மூவரும் கையெழுத்திட வேண்டும். ஏதாவது ஒன்று அலமாரியில் இல்லையென்றால் அன்றைக்கே நிர்வாகக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.