பழைய வேனை கேம்பராக்கும் முன்: வடசென்னையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வேன் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேம்பராக்கி ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசை ஒருவருக்கு வந்துவிட்டால் அதை யாராலும் தடுக்க முடியாது. தடுக்கவும் வேண்டாம். அதிலும் திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டிங்கரிங், லேத், ரேடியேட்டர், டீசல் பம்பு எல்லாவற்றுக்கும் கைதேர்ந்த ஆட்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். அப்படியிருந்தும் பாதியில் நின்று, கடைசியில் காயலான் கடைக்குப் போகும் வண்டிகளுக்கு இங்கே குறைவில்லை.

ஸ்பேர் விலை கொஞ்சம்தான் கடிக்கும். செய்த வேலையைப் பிரித்து மறுபடி செய்கிற கூலிதான் ஆளைச் சாய்க்கும். கட்டில் போட்ட பிறகு தரையில் ஓட்டை தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு கூரை ஒழுகும். எல்லாம் முடிந்த பிறகு ஆர்டிஓ ஆபீஸில் ஆர்சியைப் புதுப்பிக்க முடியாது என்பார்கள். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த ஒரே குட்டையில் ஊறியவை.

வண்டியைப் பார்த்து மயங்குவது

படங்களில் வரும் ஃபோக்ஸ்வேகன் கொம்பியை மனதில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகாதீர்கள். நம் ஊரில் கைக்கு எட்டுவது ஆம்னியும் டெம்போ டிராவலரும்தான். 1984 முதல் 2019 வரை வந்த மாருதி ஆம்னிக்கு ஸ்பேர் கவலையே இல்லை. ஆனால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. 1987 முதல் ஓடும் டெம்போ டிராவலரில் இடம் தாராளம், அதன் டீசல் இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற மெக்கானிக்குகள் உண்டு. மட்டடோர் அழகுதான், ஆனால் முன்சக்கர டிரைவ் என்பதால் சில பாகங்களுக்கு, பழைய ஸ்பேர் விற்கும் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு 20 எங்காவது கண்ணில் பட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அந்த கம்பெனி 1988-லேயே வண்டி தயாரிப்பதை நிறுத்திவிட்டது.

இங்கே குறிப்பாகக் கவனிக்க வேண்டியது, காசிமேட்டில் மீன் ஏற்றிய வண்டி. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் தரையில் இறங்கி, கீழே தரையைத் தாங்கும் குறுக்கு இரும்புகளை (கிராஸ் மெம்பர்) தின்றிருக்கும். விற்பவர் ‘ஸ்கூல் வண்டி’ என்பார். சரி, உச்சி வெயிலில் கதவு ஜன்னலை எல்லாம் ஒரு மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு திறந்து மூக்கை உள்ளே நீட்டினால் தெரிந்துவிடும். எத்தனை தடவை ஃபினைல் போட்டுக் கழுவினாலும் அந்த வாசனை போகாது.

அடுத்தது வெள்ளத்தில் நின்ற வண்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் தண்ணீர் நிற்காத பகுதி எது என்று தேட வேண்டியிருந்தது. எண்ணூர் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். சீட் போல்ட்டின் துரு, விளக்குக் கண்ணாடிக்குள் படிந்த மண் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும்.

அரசு ஏலத்தில் மலிவாக வருகிறது என்று பழைய ஆம்புலன்ஸையோ துறை வேனையோ எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 15 ஆண்டு தாண்டிய அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அதை ஓட்ட வழியில்லை, உடைக்கத்தான் வேண்டும்.

பேப்பரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

தனியார் வாகனம் 15 ஆண்டு ஆனால் ஓட்டக்கூடாது என்பது டெல்லிக் கதை. சென்னையில் அப்படி இல்லை. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். காலாவதியாகும் தேதிக்கு 60 நாள் இருக்கும்போதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டணம் பழைய மாதிரி இல்லை. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். இது சர்க்கார் கட்டணம் மட்டும். இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி எல்லாம் தனி.

பேரம் பேசும் முன்பே மத்திய அரசின் வாகன் (Vahan) இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கடன் பாக்கி, அபராதம், தடை இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து ஃபைனான்ஸ் பெயரை நீக்கியிருக்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டியை வெள்ளை போர்டாக மாற்றப் போகிறீர்கள் என்றால் பெர்மிட் சரண்டர், வரி வித்தியாசம் என்று ஒரு தொகை வரும். அதை முதலிலேயே விசாரித்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சேஸ் நம்பர், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண். புதுப்பிக்கப் போகும்போது அந்த நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பார்கள். கடலோரத்தில் ஓடிய வண்டியில் அந்த இடம் துரு ஏறி, 3 எது 8 எது என்று தெரியாமல் போயிருக்கும். வாங்கும் அன்றே நீங்களும் ஒரு பென்சிலைக் கொண்டுபோய்த் தேய்த்துப் பாருங்கள். நம்பர் தெளிவாக விழவில்லை என்றால் மறுபடி பஞ்ச் செய்ய அனுமதி, அலைச்சல் என்று மாதங்கள் ஓடும். நன்றாக இருந்தாலும் அதன் மேல் கிரீஸ் தடவி டேப் ஒட்டி, ‘இங்கே கிரைண்டர் வைக்கக்கூடாது’ என்று டிங்கர் பையனிடம் சொல்லிவையுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று நம்பரையே தேய்த்துவிட்ட கதைகள் உண்டு.

மாற்றங்களுக்கும் எல்லை இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. கூரையை வெட்டி உயர்த்துவது, வேறு இன்ஜின் மாட்டுவது, சீட் எண்ணிக்கையைக் குறைப்பது எல்லாம் முன்அனுமதி கேட்க வேண்டிய விஷயங்கள். ‘கேம்பர் வேன்’ என்று ஒரு வாகன வகை சட்டத்திலேயே உண்டு, ஆனால் அந்தப் பெயர் ஆர்சியில் ஏறுவது லேசில் நடக்காது. என்னைக் கேட்டால் கூரையைத் தொடாமல், உள்ளே கழற்றி மாட்டும்படி கட்டிலும் பெட்டியும் செய்வதுதான் நிம்மதி.

துருவின் மேல் பட்டி

பட்டறையில் அடிக்கடி காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: “இதுல ஒண்ணும் இல்லண்ணா, பட்டி போட்டுத் தேச்சுட்டா தெரியாதுண்ணா.” தெரியாதுதான், அடுத்த மழை வரை.

கடற்காற்றில் வரும் உப்பு துருவின் சின்னச் சின்னக் குழிகளுக்குள் உட்கார்ந்துகொண்டு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அடியில் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சக்கர வளைவு, கதவின் அடிப்பட்டை, ஸ்லைடிங் கதவு ஓடும் ரெயில், பேட்டரி தட்டு, முன்கண்ணாடி ரப்பரின் கீழ்விளிம்பு என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பட்டி. கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் வாய்க்காலை மறக்காதீர்கள். அங்கே பூசிய சீலண்ட் வெடித்து, தண்ணீர் உள்ளுக்குள்ளேயே இறங்கி, கதவுத் தூணின் அடியில் போய்த் தேங்கும். அதனால்தான் மேலே ஒழுக, கீழே ஓட்டை விழுகிறது.

சரியான வேலை என்றால், துரு பிடித்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, அன்றே எபாக்ஸி பிரைமர் அடிப்பது. ‘அன்றே’ என்பதுதான் முக்கியம். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறையில் பளிச்சென்று தேய்த்த தகட்டை இரவு முழுக்கத் திறந்து வைத்தால் காலையில் பழுப்பேறிவிடும். பிரைமருக்கு முன் கழுவும் தண்ணீரும் விஷயம்தான். ராயபுரம், தண்டையார்பேட்டையில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் போக்க வந்த உப்பை நாமே திரும்பத் தடவிய மாதிரி. மெட்ரோ வாட்டர் ஒரு குடம் ஒதுக்கி வையுங்கள்.

யார் வெல்டிங் செய்கிறார் என்பதிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் லாரி பாடி கட்டுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், ஆனால் அவர்கள் கை பழகியது கனமான தகட்டில். வேனின் பக்கத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆர்க் வெல்டிங் ராடை வைத்தால் ஒட்டுவதற்கு முன்பே பொத்துக்கொள்ளும், அல்லது சூட்டில் நெளியும். சிஓடூ (CO2 வாயு) வெல்டிங் மெஷின் வைத்து, தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து ஒட்டுகிறவரைத் தேடுங்கள். காயலான் கடையில் ஒரு பழைய கதவு வாங்கிக் கொடுத்து ஒட்டிக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ளாத ஆளே சரியான ஆள். வேலை தொடங்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் காலியாகலாம்.

வெல்டிங் சூட்டில், உள்ளே கூடாக இருக்கும் பெட்டிப் பகுதிகளின் உள்பக்க பெயிண்டும் எரிந்துபோயிருக்கும். வெளியே மட்டும் பூசிவிட்டு விட்டால் உள்ளிருந்து திரும்பவும் அரிக்கும். உள்ளே மெழுகுக் கலவை பீய்ச்ச வேண்டும், அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைத் திறந்தே வைக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், உண்மைதான். கூடவே புஷ் ரப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கும், சாலையெல்லாம் சொட்டும்.

இன்ஜினும் பிரேக்கும்

இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்றதும் பலர் திருப்தியாகிவிடுகிறார்கள். நாள்கணக்கில் நின்ற வண்டியில் ஆபத்து பிரேக்கில்தான். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், வீல் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் யோசிக்காமல் மாற்றுங்கள். டீசல் டேங்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் பத்து கிலோமீட்டரில் திரும்ப அடைக்கும். டயரில் பட்டன் (தேயாத மேல்தடம்) இருந்தால் போதாது, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள்: 2317 என்றால் 2017-ன் 23-வது வாரம்.

மர வேலை தொடங்கும் முன் வெறும் வண்டியாகப் பழவேற்காடு வரை நான்கைந்து முறை ஓட்டுங்கள். ஓவர் ஹீட், சத்தம், ஒழுகல் எல்லாம் அப்போதே வெளியே வந்துவிடும்.

உள்வேலையில் அவசரம்

வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரை வண்டியில் இழுக்காதீர்கள். அதிர்வில் உள்ளேயே முறியும். பல இழை ஆட்டோ கேபிள்தான் வேண்டும், அதுவும் போதிய தடிமனில். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் கருவிக்கு 20 ஆம்பியர் போனால், போக வர வழியிலேயே சுமார் 1.4 வோல்ட் கரைந்துவிடும். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ‘ரிப்பேர்’ ஆவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

ஏசி கனவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 100 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) பேட்டரியில் இருப்பது 1,200 வாட் ஹவர். சாதாரண லெட் ஆசிட் என்றால் பாதியைத்தான் நம்பி எடுக்கலாம். ஒரு டன் ஏசி மணிக்கு ஆயிரம் வாட் ஹவர் அளவில் குடிக்கும். 25 வாட் ஃபேன் என்றால் இரவு முழுக்க ஓடும்.

பிளைவுட்டைப் பொறுத்தவரை, எட்டுக்கு நாலு அளவில் 18 மில்லிமீட்டர் ஷீட் ஒன்றே 35 கிலோவுக்கு மேல் வரும். வீட்டு அலமாரி மாதிரி அதிலேயே எல்லாம் செய்தால் ஸ்பிரிங் பட்டை உட்கார்ந்துவிடும். சட்டகத்துக்கு மட்டும் கனமான பலகை போட்டு, மற்றதை 6 மில்லிமீட்டரில் முடிக்கலாம். சூட்டைத் தடுக்க என்று சுவரில் கிளாஸ் வூல் வைக்காதீர்கள். தண்ணீரைக் குடித்து தகட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஜன்னல் திறந்திருந்தும் பயனில்லை. சிலிண்டர் பெட்டிக்கு அடியில் வெளியே போகும் ஓட்டை அவசியம். அதைவிட, அடுப்பை வெளியே எடுத்து வைத்துச் சமைப்பது உத்தமம்.

பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வருவது

மொத்தப் பணத்தையும் அட்வான்ஸாகக் கொடுத்தால் உங்கள் வண்டி பட்டறையின் கடைசி மூலைக்குப் போய்விடும். தகடு வேலைக்கு இவ்வளவு, பிரைமர் ஆனதும் இவ்வளவு என்று பிரித்துக் கொடுங்கள். கழற்றிய பாகங்களைக் கோணியில் போட விடாமல், கவரில் போட்டுப் பெயர் எழுதி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். ஆயுத பூஜைக்கு முன் ஆட்டோவும் லாரியும் பெயிண்டுக்கு வரிசை கட்டி நிற்கும், உங்கள் வேலை நகராது. அது முடிந்ததும் வடகிழக்கு மழை. அந்த ஈரத்தில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். அதனால் பெயிண்டை தை முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் வண்டியை பிரைமரோடு கூரைக்கு அடியில் நிறுத்த இடம் பிடித்துவிட வேண்டும். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் போதும் என்று நினைத்தால், உள்ளே வியர்த்து, பிரைமரின் கீழேயே துரு பிடிக்கும்.