மடக்குக் கத்தியின் பூணும் அலகின் கறுப்பும்: கடலோர வீடுகளுக்கான செய்முறை

பழைய மடக்குக் கத்தி ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் புளியைத் தேடுகிறார்கள். வெள்ளிக்கிழமை குத்துவிளக்கு துலக்க அது சரி, கத்திக்கு வேண்டாம். ஒரே கத்தியில் இரண்டு மூன்று உலோகம் இருக்கும். ஒன்றுக்கு ஆவது இன்னொன்றுக்கு ஆகாது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று உப்புக் காற்றடிக்கும் பக்கம் குடியிருந்தால் இன்னும் கவனம் தேவை.

தேவையானவை: சின்னக் காந்தம், பழைய டூத் பிரஷ், பாத்திரம் துலக்கும் சோப்பு, பருத்தித் துணி, நைசான ஸ்டீல் உல், பச்சை வாழைக்காய், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

1. பூண் எந்த உலோகம்?

அலகு மடங்கும் இடத்தில், பிடியின் நுனியில் இருக்கும் உலோகத் துண்டுதான் பூண். கத்திப் பிரியர்கள் போல்ஸ்டர் என்பார்கள். அச்சாணியை ஆடாமல் தாங்குவதும், பிடியின் மரமோ கொம்போ நுனியில் பிளக்காமல் காப்பதும் அதன் வேலை.

மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாக இருந்தால் காந்தத்தை வையுங்கள். பட்டென்று ஒட்டினால் இரும்பு, அல்லது ஒருவகை ஸ்டெயின்லெஸ். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, வெள்ளி துளியும் கிடையாது. உள்ளே இருக்கும் அலகும் ஸ்பிரிங்கும் காந்தத்தை லேசாக இழுக்கும் என்பதால், பூணின் வெளி ஓரத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

2. அலகு கறுக்குமா?

கார்பன் ஸ்டீல்தான் கறுக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் அதில் கறுப்பேற்றும் வேலை பலிக்காது. பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியில் ‘கார்போன்’ (கார்பன் ஸ்டீல்), ‘இனாக்ஸ்’ (ஸ்டெயின்லெஸ்) என்று அலகிலேயே அடித்திருக்கும். முத்திரை இல்லாத பழைய கத்தியில் சாம்பல் திட்டுகள் தெரிந்தால் கார்பன் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஈரமான வெள்ளைத் துணியால் அலகைத் துடையுங்கள். செம்பழுப்பு ஒட்டி வந்தால் துரு. எண்ணெய் தொட்ட ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். துணியில் ஒட்டாத சாம்பல் நீலத்தை விட்டுவிடுங்கள், அது இருக்க வேண்டியது.

3. கறுப்பேற்றுதல்

அலகை சோப்பு போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். அப்புறம் விரல் படக் கூடாது. படும் இடத்தில் எண்ணெய்ப் பசை ஒட்டி, கறுப்பு சரியாக ஏறாது. வாழைக்காயைத் துண்டு போட்டு, வெட்டிய முகத்தால் அலகில் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். காயின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கருநீலமாகும். அரிவாள்மனையில் வாழைக்காய் நறுக்கியவர்களுக்கு இது பழகிய நிறம். கழுவி, துடைத்து, வேண்டிய அளவு கறுக்கும் வரை திரும்பச் செய்யலாம்.

வினிகரும் வேலை செய்யும், வேகமாகவே. ஆனால் முழுக் கத்தியையும் அதில் ஊறப் போடச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் முதலில் கரைந்து, பூணில் இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். மூட்டுக்குள் போன அமிலமும் லேசில் வெளியே வராது. புளி வேண்டாம் என்பதும் இதனால்தான். வினிகர்தான் வேண்டும் என்றால் பஞ்சில் தொட்டு அலகுக்கு மட்டும் தடவுங்கள்.

4. பூணை என்ன செய்வது?

ஒன்றும் வேண்டாம். பித்தளை பழுப்பாகும், ஜெர்மன் சில்வர் லேசாக மஞ்சளோடும். அந்த நிறத்துக்காகவே பழைய கத்தி தேடுபவர்கள் உண்டு. என் ஓட்டும் அதற்குத்தான். பச்சைக் களிம்பை மட்டும் எண்ணெய் தொட்ட பல்குச்சியால் சுரண்டி எடுங்கள். தோல் உறையிலேயே போட்டு வைத்தால் களிம்பு திரும்ப வரும்.

5. மூட்டு

கடலோரத்தில் கத்தி கெடுவது இங்கேதான். பித்தளையும் இரும்பும் தொட்டுக்கொண்டு இருக்க, நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அலகின் கறுப்பு உப்பைத் தடுக்காது. மீன் நறுக்கியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்து வைத்தே காய விடுங்கள். மூட்டில் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் விட்டு நாலைந்து முறை மடக்கி விரித்தால் கறுப்பாகக் கசியும். துணி சுத்தமாக வரும் வரை துடைத்துவிட்டு, அலகிலும் மெல்லியதாகப் பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். வெயில் காலத்தில் மாதம் ஒன்று.