கணினியில் ஏற்றும் காணொளி சிதைந்து பதிவாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய விஎச்எஸ் நாடாவையோ கேமராவையோ கேப்சர் கருவி வழியாக இணைத்துக் கணினியில் பதிவு செய்யும்போது, படம் கட்டம் கட்டமாக உடைவதும், பச்சைப் பட்டைகள் தோன்றுவதும், உதட்டசைவை விட்டு ஒலி விலகிப்போவதும் உண்டு. இதைக் கண்டவுடன் டிரைவரை (கருவியைக் கணினியோடு இயங்க வைக்கும் நிரலை) நீக்கி, மென்பொருளை மாற்றி, கேபிளையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அதற்குப் பிறகு கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் புதிதாக எதைக் கெடுத்தோம் என்பதும் தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

பழுது எங்கே நுழைகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. நாடாவின் ஒரே பகுதியை இரண்டு முறை பதிவு செய்து, சிதைவு விழும் இடங்களை ஒப்பிட வேண்டும். இரண்டிலும் அதே நொடியில் படம் உடைந்தால் நாடாவைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் உடைந்தால் கேபிள், கருவி, கணினி ஆகியவற்றின் பக்கம் திரும்பலாம். இந்தச் சோதனையைத் திருமண நாடாவை வைத்துச் செய்யவே கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் நாடா சிறிது தேய்கிறது. இழந்தாலும் வருந்தத் தேவையில்லாத வேறொரு நாடா போதும்.

தொலைக்காட்சியில் நன்றாகத் தெரிகிறது, ஆகவே நாடாவில் குறையில்லை என்று முடிவு கட்டுவதும் தவறே. பழைய நாடாவின் சிக்னலில் நேர ஒழுங்கு சீராக இருக்காது. குழாய் வகைத் தொலைக்காட்சிகள் அதைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும்; கேப்சர் கருவி பொறுக்காமல் பிரேம்களை (காணொளியின் தனித்தனிப் படங்களை) விட்டுவிடும். டைம் பேஸ் கரெக்டர் என்னும் சாதனம் இருப்பது இந்த ஒழுங்கின்மையைச் சரிசெய்யத்தான்.

அதிகம் கவனிக்கப்படாதது தரவின் அளவு. சாதாரணத் தரக் காணொளியைச் சுருக்காமல் பதிவு செய்தால் நொடிக்குச் சுமார் 20 மெகாபைட், மணிக்குச் சுமார் 75 ஜிகாபைட் வந்து சேரும். 1080 வரி, 60 பிரேம் கொண்ட படத்தைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறக்குறைய 186 மெகாபைட் வேண்டும், யுஎஸ்பி 2.0 ஏட்டளவிலேயே 60 மெகாபைட்டுக்கு மேல் தராது. ஆகவே அத்தகைய கருவியைப் பழைய யுஎஸ்பி துளையில் செருகுவதும், விசைப்பலகையும் பென் டிரைவும் ஏற்கெனவே தொங்கும் ஹப்பில் இணைப்பதும், பதிவாகும் அதே வட்டில் வேறு கோப்புகளை நகலெடுப்பதும் சிதைவை நாமே வரவழைப்பதாகும். பதிவு ஒவ்வொரு முறையும் 4 ஜிகாபைட்டில் நின்றுவிட்டால், வட்டு ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்; அதில் ஒரு கோப்பு அந்த அளவைத் தாண்ட முடியாது. டிஜிட்டல் கேமரா நாடாக்களின் டீவி (DV) வடிவில் சுருக்கிய காணொளி அந்த எல்லையை ஏறக்குறைய 20 நிமிடத்தில் தொட்டுவிடும்.

ஒலி விலகலில் இரண்டு வகை உண்டு. தொடக்கம் முதல் முடிவு வரை அதே அளவு விலகியிருந்தால், எடிட்டிங் மென்பொருளில் ஒலியை நகர்த்தினால் சரியாகிவிடும். நேரம் போகப் போக விலகல் வளர்ந்தால், பிரேம்கள் விடுபட்டிருக்கலாம், அல்லது ஒலி தனிச் சவுண்ட் கார்டு வழியாக அதன் சொந்தக் கடிகாரத்தில் பதிவாகியிருக்கலாம். இந்த இரண்டாம் வகையில் ஒலியை நகர்த்துவது ஓரிடத்தைச் சரிசெய்து மற்ற இடங்களைக் கெடுக்கும்.

வேகமாக அசையும் உருவங்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற கோடுகள் தெரிந்தால் அது சிதைவன்று. படத்தின் ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறிப் பதியும் இன்டர்லேஸ் முறையின் இயல்பு. டீஇன்டர்லேஸ் வசதியை இயக்கினால் பெரும்பாலும் மறையும்.

மின்தடையாலோ மென்பொருள் முடங்கியதாலோ பாதியில் நின்ற எம்பி4 கோப்பு திறக்கவில்லை என்று உடனே அழித்துவிடாதீர்கள். வழக்கமான எம்பி4 பதிவில் கோப்பைப் படிக்கத் தேவையான அட்டவணை இறுதியில்தான் எழுதப்படுகிறது. அது இல்லாததால் பிளேயர் மறுக்கிறதே தவிர, படத்தின் தரவு உள்ளே இருக்கக்கூடும். மீட்பு மென்பொருளை மூலக் கோப்பின் மீது ஏவாமல், நகலெடுத்து அதன் மீது முயலுங்கள். அடுத்த பதிவை எம்கேவி வடிவில் எடுத்தால், இடையில் நின்றாலும் அதுவரை பதிவான பகுதி பெரும்பாலும் பிழைக்கும். முடிந்தபின் ஓபிஎஸ் போன்ற மென்பொருளின் ரீமக்ஸ் வசதி, தரம் குறையாமல் அதை எம்பி4 ஆக மாற்றித்தரும்.