நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: எங்கள் வயலில் தக்கைப்பூண்டு

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்களுக்கு ஏழு மா நிலம். மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் இரண்டேகாலுக்குக் கொஞ்சம் கூட வரும். ஒருபோகம் சம்பா, அறுப்புக்கு முன் தெளிக்கிற உளுந்து, அதன்பின் கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண். அதுதான் எங்கள் வருடம். பதினோரு வருடமாக நான் பார்க்கிறேன், அதற்கு முன் மாமனார் பார்த்தார்.

தக்கைப்பூண்டு போன்ற செடியை வயலிலேயே வளர்த்து, பச்சையாகவே சேற்றில் மடக்கி உழுவதுதான் பசுந்தாள் உரம். அதைப் போட ஆசைப்பட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் "எந்த விதை, எத்தனை கிலோ?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பது "உங்களுக்கு நடவு என்றைக்கு?" என்றுதான். விதை, கிலோ எல்லாம் அதற்குப் பிறகு. நடவு நாள் தெரியாமல் தெளித்த தக்கைப்பூண்டு உரமாகாது, விறகாகும்.

கணக்கு இப்படி. செடி பூக்கத் தொடங்கும்போது, அதாவது விதைத்து 45 நாளை ஒட்டி, மடக்கி உழ வேண்டும். மடக்கிய பின் பத்து நாள் அழுக விட வேண்டும். ஆக, நடவுக்கு 55 நாள் முன்னால் விதை மண்ணில் விழுந்திருக்க வேண்டும். எங்களுக்கு நடவு ஆவணிக் கடைசி. பின்னோக்கி எண்ணினால் ஆடி பிறக்கும்போது தெளிப்பு. தேதியை மனதில் வைத்திருக்க முடியாவிட்டால் இன்னொரு அடையாளம் சொல்கிறேன். நாற்றங்கால் விடும் நாளில் தக்கைப்பூண்டுக்கு இருபது, இருபத்தைந்து நாள் வயது இருந்தால் இரண்டும் சேர்ந்து பதத்துக்கு வரும். இது நீண்ட வயதுச் சம்பா ரகத்துக்கு. நாற்று வயது குறைந்த ரகம் என்றால் தக்கைப்பூண்டு அதற்கேற்ப மூத்திருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருடம், வைகாசியில் நல்ல கோடை மழை. ஈரத்தைக் கண்டதும் மனம் பொறுக்காமல் தெளித்துவிட்டேன். பயிர் அழகாக வந்தது. அந்த வருடம் தண்ணீர் தாமதம், நடவும் தள்ளிப்போனது. ஆவணி வந்தபோது செடி ஆள் உயரத்தைத் தாண்டி, தண்டு கட்டைவிரல் பருமனுக்கு முற்றியிருந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு தழை!" என்றார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. மாமனார் மட்டும் ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். சட்டென்று முறியாமல் நாராக இழுத்தது. "ஏம்மா, இது அடுப்புக்கு ஆகும், வயலுக்கு ஆகாது" என்றார்.

சேற்றில் ஓட்ட டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலில் தண்டு சுற்றிச் சுற்றி நின்றது. நடவு நட்ட பெண்களின் காலில் கட்டைகள் குத்தின. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம். நாற்று மூன்று வாரம் வெளிறிப்போய் நின்றது. முற்றிய தண்டில் நார் அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் தமக்குப் போதாத தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாற்றுக்குக் கிடைக்காது. யூரியாவைக் குறைக்க நினைத்துச் செய்த வேலை, கூடுதலாக யூரியா போட்டுத்தான் முடிந்தது.

நடவு தள்ளிப்போனாலும் செடியைக் காத்திருக்க வைக்காதீர்கள். 45, 50 நாளில் ஈரம் இருந்தால் உழுதுவிடுங்கள். ஈரம் இல்லையென்றால் அரிவாளால் அறுத்து வயலிலேயே பரப்புங்கள். காயும்போது சத்து கொஞ்சம் வீணாகும்தான், ஆனாலும் முற்ற விடுவதைவிட அது மேல்.

இனி விதை. ஏக்கருக்கு 20 கிலோ, எங்கள் கணக்கில் மாவுக்கு ஏழு கிலோ. குறைத்துத் தெளித்தால் செடி பருத்துக் கிளைக்கும், தண்டு சீக்கிரம் முற்றும். நெருங்கி வளர்ந்தால் மெலிந்து, இலை கூடி, உழவுக்கு இளசாகக் கிடைக்கும். வாங்கிய விதையில் நூறை எண்ணி ஈரத்துணியில் முடிந்து மூன்று நாள் வையுங்கள். எண்பதுக்குக் கீழே முளைத்தால் அந்த அளவுக்குக் கூட்டித் தெளியுங்கள். தெளிப்பதற்கு முன், காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடிக்க வேருக்கு உதவும் நுண்ணுயிரான ரைசோபியம் கலக்க வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் 200 கிராம் பொட்டலத்தைக் கரைத்து, விதையைப் பிசிறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிடுங்கள். வெயிலில் காய வைத்தால் அந்த நுண்ணுயிர் செத்துப்போகும். நெல்லுக்குப் போட வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பங்கை இப்போதே போடுவது என் வழக்கம். அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிடைத்தால்தான் வேரில் முண்டு, அதாவது ரைசோபியம் குடியிருக்கும் சிறு உருண்டை, நன்றாகக் கட்டும்.

இருபத்தைந்தாம் நாள் வயலில் இறங்குங்கள். செடியைப் பிடுங்காதீர்கள், பிடுங்கினால் முண்டு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். மண்வெட்டியால் அடிமண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேர் முழுக்க மிளகளவு, கடுகளவு உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்திருந்தால் காற்றிலிருக்கும் தழைச்சத்தைச் செடி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். நம் ரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு நிறமிதான் அந்தச் சிவப்பு. உள்ளே வெள்ளையாக இருந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை. பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துவிட்டது. முதல் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று வீட்டிலிருந்த எல்லாரையும் வரப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

மடக்குவதற்கு முதல் நாள் தழையை எடை போடுங்கள். நான்கு குச்சி நட்டு, ஒரு மீட்டர் சதுரத்தில் இருப்பதை அறுத்துத் தராசில் வையுங்கள். இரண்டரைக் கிலோ இருந்தால் ஏக்கருக்குப் பத்து டன். போன வருடம் எனக்கு இரண்டு கிலோ, அதாவது எட்டு டன். ஒரு டன் பச்சைத் தழையில் நான்கைந்து கிலோ தழைச்சத்து இருக்கும் என்று வைத்தால், ஏக்கருக்கு 32 முதல் 40 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதே 20 கிலோ சொச்சம்தான். ஆனால் தழையில் இருப்பது முழுவதும் அந்தப் போகத்திலேயே நெல்லுக்குப் போய்விடாது, கொஞ்சம் மண்ணில் தங்கும். அதனால் ஒரேயடியாக யூரியாவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நான் அடியுரத்தில் போடுவதை விட்டுவிட்டேன். மேலுரத்தை, இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, வெளிறினால் மட்டும் போடுகிறேன்.

மடக்கும்போது வயலில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் போதும். முதல் ஓட்டத்தில் செடி படுக்கும், மறு ஓட்டத்தில் சேற்றில் புதையும். மேலே மிதக்கிற தண்டை ஆள் விட்டு மிதித்து அமுக்குவது நல்லது. பிறகு பத்து நாள் பொறுங்கள். எங்கள் ஊரில் ஒருவர் ஆள் கிடைத்துவிட்டது என்று மூன்றாம் நாளே நட்டார். கால் வைத்த இடமெல்லாம் குமிழி, அழுகிய முட்டை நாற்றம், நாற்றின் வேர் கறுப்பு. அப்படி ஆகிவிட்டால் தண்ணீரை வடித்து, வயலில் மயிரிழை போன்ற மெல்லிய வெடிப்பு விடும்வரை காய விட்டால் பயிர் தேறும்.

தக்கைப்பூண்டை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எங்கள் மண். உவர் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். உங்கள் வயல் மேடாக, வடிகால் உள்ளதாக இருந்தால் சணப்பை போடுங்கள், இன்னும் வேகமாக வளரும். ஆனால் தண்ணீர் நின்றால் தாங்காது. கோடையில் ஆட்டுக்கிடை வருகிற ஊர்களில் தக்கைப்பூண்டைக் காப்பாற்றுவது சிரமம். கிடை நிலத்துக்கு நல்லதுதான், ஆடுகள்மீது கோபித்துப் பயனில்லை. அங்கே கொளுஞ்சி சரி, ஆடு மாடு வாய் வைக்காது. அதன் விதைத் தோல் கடினம், மணலோடு சேர்த்துத் தேய்த்துப் போட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். ஒருமுறை முற்றவிட்டால் விதை உதிர்ந்து மறுவருடம் தானாகவே எழும். வரப்பில் கிளைரிசிடியா என்கிற தழை மரத்தின் போத்து (கிளைத் துண்டு) நட்டு வைத்தால், தழை குறைந்த வருடத்தில் வெட்டிப் போடலாம்.

"உளுந்தும் பயறு இனம்தானே, அதுவே போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. உளுந்து பிடித்துவைக்கும் சத்தில் பெரும்பங்கு மணியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. வயலுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலையும் வேரும்தான். அதையும் நாம் வேரோடு பிடுங்கிக் களத்துக்கு எடுத்துப்போகிறோம். நான் இப்போது அடியோடு அறுக்கச் சொல்கிறேன். ஆட்களுக்குப் பிடுங்குவதுதான் பழக்கம், அறுக்க நேரம் கூட ஆகும், அதனால் கூலியும் சற்றுக் கூட்டிக் கொடுக்கிறேன். உளுந்து தெளிக்க மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது தெரிந்ததே. அடியில் தக்கைப்பூண்டு போட்ட வயல் பகுதியில் அந்தப் பதம் இரண்டு மூன்று நாள் கூடுதலாக நிற்பதைப் பார்க்கிறேன்.

விதைக்கு வருடாவருடம் அலைய வேண்டாம். வேளாண்மை விரிவாக்க மையத்தில் மானியத்தில் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது உங்கள் தெளிப்பு நாளுக்குள் வந்து சேரும் என்று நம்பி இருக்காதீர்கள். மடக்கும்போது வரப்போரம் ஒரு வரிசையை விட்டுவிடுங்கள். காய் பழுப்பேறியதும், பனி ஈரம் இருக்கும் காலை நேரத்திலேயே கொத்தாக அறுத்துச் சாக்கில் போடுங்கள். வெயில் ஏறிவிட்டால் காய் வெடித்து விதை வரப்பில் சிதறிவிடும். நன்றாகக் காய்ந்ததும் வேப்பிலை போட்டு டின்னில் மூடி வைக்கிறேன். இந்த வருடம் ஒன்பது கிலோ சேர்ந்தது, ஒரு மாவுக்குப் போட்டு மிச்சமும் இருக்கும்.