பெயிண்டைப் பார்த்து டேங்கர் வாங்காதீர்கள்

மாடல் ரயிலில் டேங்கர் வேகன் மட்டும் சேர்க்கிறவர்கள் தனி ரகம். இன்ஜின் பக்கமே திரும்ப மாட்டார்கள். செட்டிநாட்டில் இந்த ஆசை தொற்ற ஒரு வழி இருக்கிறது. பர்மா, மலேயா, சிலோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் பீங்கானும் கண்ணாடியும் கொண்டுவந்த பெட்டிகளில் பிள்ளைகளுக்கு ஒரு தகர ரயிலும் வந்திருக்கும். வீடு பாகம் பிரியும்போது அது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதாவது ஒரு பழஞ்சாமான் கடையில் போய் உட்காரும். அதைப் பார்த்து ஆரம்பித்து, பிறகு ஆன்லைனில் வெளிநாட்டு மாடல்களை வாங்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: தொட்டியைப் பார்க்காமல் அதன்மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள்.

ஒரே அச்சில் வார்த்த தொட்டிக்குப் பல கம்பெனிகளின் பெயரை மாற்றி மாற்றி அடித்து விற்பது மாடல் தயாரிப்பாளர்களின் பழைய வழக்கம். பீர், சாக்லேட், கோலா என்று நிஜத்தில் ஓடவே ஓடாத வண்டிகள் எல்லாம் வரும். அலமாரி அழகுக்கு வாங்கினால் தப்பில்லை. நிஜ வண்டியின் ஜோடி என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

நிஜ டேங்கரின் உருவத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் சரக்கு. கந்தக அமிலம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு கனம். எல்பிஜி தண்ணீரில் பாதிக் கனம்தான். தண்டவாளம் தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதால் அமில வண்டி குட்டையாகவும், எரிவாயு வண்டி நீளமாகவும் பருத்தும் இருக்கும். நம் ரயில்வேயிலும் எல்பிஜி ஏற்றும் பிடிபிஜிஎல்என், பெட்ரோல் ஏற்றும் பிடிபிஎன்-ஐ விட நீளம். ஆக, நீண்டு பருத்த தொட்டியில் அமிலக் கம்பெனி பெயர் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து, வண்டியைக் கவிழ்த்து அடிவயிற்றைப் பாருங்கள். அமெரிக்க வண்டிகளில் சாதாரணத் திரவம் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் அடியில், நடுவில், இறக்கும் வால்வு இருக்கும். அழுத்த வாயு ஏற்றுவதற்கு அது கிடையாது; எல்லா வால்வும் மேலே நடுவில் ஒரு மூடிய கூட்டுக்குள் அடங்கியிருக்கும். பக்கவாட்டில் வைர வடிவத்தில் ஒட்டியிருக்கும் பலகையின் எண்ணும் இதோடு ஒத்துப்போக வேண்டும்: 1203 என்றால் பெட்ரோல், 1267 கச்சா எண்ணெய், 1075 எல்பிஜி. அடியில் வால்வு தொங்க, பக்கத்தில் 1075 என்று இருந்தால் அச்சடித்தவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம்.

காலமும் முக்கியம். தொட்டியின் உச்சியில் குமிழ் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருப்பது பழைய அமெரிக்க வண்டிகளின் அடையாளம். வெயிலில் எண்ணெய் விரிந்தால் ஏறி நிற்க அந்த இடம். பிற்காலத்தில் தொட்டிக்குள்ளேயே காலியிடம் விட்டார்கள், குமிழ் போயிற்று. 2013 ஜூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகான்டிக் ஊருக்குள் கச்சா எண்ணெய் ரயில் கவிழ்ந்து எரிந்து 47 பேர் இறந்தார்கள். அதில் வந்தவை டாட்-111 ரக டேங்கர்கள் (டாட் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் சுருக்கப் பெயர்). அதன்பிறகு 2015-ல் டாட்-117 என்ற தரம் வந்தது: தடித்த தகடு, வெளியே ஒரு உறை, முன்னும் பின்னும் முழு உயரக் கவசம். பழைய 111 அச்சின்மேல் 117 என்று எழுதி விற்றால் அது பெயர்மாற்றம் மட்டும்தான்.

நம் பக்கத்துச் சபலம் ஒன்று உண்டு: பர்மா ஷெல். பர்மா என்ற பெயரைப் பார்த்தாலே இங்கே கை பர்ஸுக்குப் போகும். அந்தக் கம்பெனி 1928-ல் தொடங்கியது, 1976-ல் அரசு எடுத்துக்கொண்டது, பிறகு பாரத் பெட்ரோலியம் ஆனது. பிடிபிஎன் என்பதில் கடைசி எழுத்து காற்று பிரேக்கைக் குறிக்கிறது. அந்த ரக வண்டிகள் பர்மா ஷெல் காலத்துக்குப் பிந்தியவை. எனவே பிடிபிஎன் மாடலில் பர்மா ஷெல் பெயர் இருந்தால் அது ஆசைக்கு அடித்த பெயிண்ட். காசு கொடுப்பது உங்கள் இஷ்டம்.

அளவு விஷயத்தில் தண்டவாளத்தை நம்பாதீர்கள். எச்ஓ என்ற மாடல் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு; பிரிட்டிஷ் ஓஓ 1:76. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. பாதையில்தான். ‘என்’ (N) என்ற சின்ன அளவில் இன்னும் குழப்பம்: அமெரிக்காவும் ஐரோப்பாவும் 1:160, ஜப்பான் 1:150, பிரிட்டன் 1:148, எல்லாமே 9 மி.மீ. பாதை. வரிசையாகக் கோத்து நிறுத்தினால்தான் ஒன்று அண்ணன், ஒன்று தம்பி என்று தெரியும். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; எச்ஓ அளவில் அது 19 மி.மீ.க்குச் சற்று மேல் வர வேண்டும். ஆகவே 16.5-ல் ஓடும் இந்திய வண்டி எதுவுமே பாதை அகலத்தில் சமரசம்தான். அதில் கௌரவம் பார்த்துச் சண்டை போடுவது வீண் வேலை.

பழஞ்சாமான் கடையில் ஜெர்மன் மெர்க்லின் வண்டியோ பழைய பிரிட்டிஷ் ஹார்ன்பி டப்லோவோ கிடைத்தால் உடனே உங்கள் பாதையில் ஏற்றிவிடாதீர்கள். மெர்க்லினிலும், பழைய டப்லோவிலும் மின்சாரத்துக்கு நடுவில் மூன்றாவது வழி உண்டு. அந்த வண்டிகளில் இரண்டு சக்கரமும் உலோக அச்சால் நேரே இணைந்திருக்கும். இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்த மாத்திரத்தில் ஷார்ட் ஆகும். மல்டிமீட்டரை இரண்டு சக்கரத்திலும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் சக்கரத்தை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

வாங்குவதைவிட அதிகம் கெடுவது வீட்டில் வைத்திருக்கும்போதுதான். பட்டுப்புடவைப் பெட்டியில் போடுகிற மாதிரி இதிலும் நாலு அந்துருண்டையைப் போட்டுவைப்பார் அப்பத்தா. நாஃப்தலின் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். நாளாவட்டத்தில் தொட்டியின் மேல்புறம் பிசுபிசுத்து விரல்ரேகை பதியும். பெயிண்டை எடுக்க நெயில் பாலிஷ் ரிமூவர் தேய்ப்பதும் அதே கதி. பித்தளை மாடலைக் குத்துவிளக்குபோல் புளி போட்டு விளக்கினால் மேல்பூச்சும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். தகர வண்டியின் அச்சு ஓவியத்தை மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். பளபளப்பாக்கப் புதுப் பெயிண்ட் அடித்தால் விலை பாதாளத்துக்குப் போகும். வளவில் வெயில் விழும் பக்கம் அலமாரி வைக்காதீர்கள், நிறம் வெளுக்கும்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய துத்தநாக வார்ப்புகளில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் பேரம் பேசாமல் வைத்துவிடுங்கள். ஈயக் கலப்பால் உள்ளிருந்தே உதிரும் நோய் அது, மருந்தில்லை. பக்கத்து வண்டிக்குத் தொற்றும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், தொற்றாது.

வண்டி தடம் புரண்டுகொண்டே இருந்தால் பெரும்பாலும் எடை போதாது. எச்ஓவில் ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்பது அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு. ஆறு அங்குல டேங்கருக்குச் சுமார் 113 கிராம்.

நிஜ வண்டியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: டேங்கர்மேல் ஏறி வால்வைப் படம் பிடிக்கும் எண்ணமே வேண்டாம். மேலே ஓடுவது 25,000 வோல்ட். கம்பியைத் தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுக்கும். தண்டவாளத்துக்குள் இறங்குவதே 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் குற்றம். பிளாட்பாரத்தில் நின்றபடி, கூட்ஸ் மெதுவாகக் கடக்கும்போது பக்கத்தில் உள்ள 11 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வேகன் ரகம், அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அதற்கடுத்த இரண்டு கட்டிய ஆண்டு, பிறகு நான்கு இலக்கம் வண்டியின் சொந்த எண், கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு. இந்திய மாடல் வாங்கும்போது அந்த எண் பதினொன்றும் இருக்கிறதா, ஆண்டு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.