சோளகக் காற்றுக்கு ஒரு ஸ்பிரிங் சூட்: முதல் தடவை வாங்குபவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முன், ஆடி மாதம், தலைமன்னாரில் ஒரு மணித்தியாலம் கைட் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடுவது) ஓட்டிவிட்டுக் கரையேறி மணலில் குந்தினேன். பல் கிட்டிப்போயிருந்தது. உச்சி வெயில், கடலும் இதமான கடல்தான். வாடிக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்து பார்த்து, "என்ன தம்பி, காய்ச்சலோ? இந்த வெயிலுக்குள்ள நடுங்குறாய்" என்று கேட்டுவிட்டு, போத்தலில் இருந்த பிளேன்டீயை மூடியில் ஊற்றி நீட்டினார். காய்ச்சல் இல்லை. உடம்பில் வெட்சூட்டும், அதாவது கடலில் குளிர் தாங்கப் போடும் இறப்பர் உடுப்பும், இருந்தது. அந்த வெட்சூட்தான் பிழையானது என்று விளங்க எனக்கு இன்னும் இரண்டு கிழமை பிடித்தது.

அதை மாற்றி வேறொன்று எடுத்து, சோளகத்திலும் வாடையிலும் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கைட் ஏற்றுவது, இறக்குவது பற்றி இங்கே ஒன்றும் சொல்லவில்லை, கற்பிட்டியில் நாலு நாள் பழகியவருக்கே அது தெரிந்திருக்கும்.

முதலில், இந்த வெக்கைக்குள் ஏன் இது?

ஸ்பிரிங் சூட் என்றால் கையும் காலும் குட்டையான வெட்சூட். கை முழங்கைக்கு மேலே நிற்கும், கால் முழங்காலுக்கு மேலே. ஷோட்டி என்றும் சொல்வார்கள். குளிர்நாட்டுக் கடல் வசந்தத்தில் கொஞ்சம் இளகும்போது போடுவதற்கு வந்த உடுப்பு, பெயரும் அப்படி வந்ததுதான். எங்களுக்கு வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம், மார்கழியிலிருந்து மாசி வரை வாடை. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள், அந்தக் கரையில் காற்று எப்படி அடிக்கும் என்று அதைப் பார்த்தாலே விளங்கும்.

தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும். கடல் 28 பாகை இருந்தாலும் உடம்பு 37 பாகை, ஆகவே சூடு போய்க்கொண்டே இருக்கும். கைட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. பாதி நேரம் நீங்கள் தண்ணீருக்கு வெளியே, ஈர உடுப்போடு, 20 நொட் காற்றுக்கு முன்னால் நிற்கிறீர்கள். விறாந்தையில் மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? பானையின் ஈரம் காற்றில் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. மெல்லிய லைக்ரா சேட் மட்டும் போட்டு ஓட்டினால் நீங்கள்தான் அந்தப் பானை.

இதனால்தான் இணையத்தில் கிடைக்கும் 'இத்தனை பாகைத் தண்ணீருக்கு இத்தனை தடிப்பு' அட்டவணைகள் எங்களுக்குப் பாதிதான் உதவும். அவை தண்ணீரை மட்டும் கணக்கெடுக்கின்றன. அந்த அட்டவணைப்படி எங்கள் கடலுக்கு ஒன்றுமே தேவையில்லை.

தடிப்பு

2 மில்லிமீற்றர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லேபலில் 3/2 என்று இருந்தால் நெஞ்சும் முதுகும் 3 மில்லிமீற்றர், கையும் காலும் 2 என்று அர்த்தம். வாடைக் காலத்தில் விடியப்புறம் ஓட்டுபவர், உடம்பில் சதை இல்லாதவர் 3/2 பார்க்கலாம். மற்றவர்களுக்கு சோளகத்தில் அது அவியும்.

தோல்

நியோப்பிரீன் என்பது உள்ளுக்குள் வாயுக் குமிழி நிறைந்த இறப்பர் நுரை. அந்தக் குமிழிகள்தான் உடம்புச் சூடு வெளியே போகாமல் மறிக்கின்றன. உள்ளே நிற்கும் தண்ணீர் சூடாகி உங்களைக் காக்கும் என்று பலர் சொல்வதை நானும் நம்பியிருந்தேன், அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது. 1952இல் அமெரிக்காவின் பேர்க்லியில் இதை முதலில் யோசித்த ஹியூ பிராட்னர் என்ற பௌதிகவியலாளருக்கே உடுப்புக்குள் தண்ணீர் இருக்கத் தேவையில்லை, குமிழி போதும் என்று விளங்கியிருந்தது. உள்ளே தண்ணீர் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வெளிப்பக்கம் இரண்டு விதமாக வரும். ஒன்று துணி ஒட்டியது: உரசலைத் தாங்கும், ஆனால் துணி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் காற்றில் குளிரும். மற்றது வெறும் இறப்பர், டியூப் மாதிரி மினுங்கும்: தண்ணீர் வழிந்து ஓடிவிடும், காற்று உறைக்காது, ஆனால் நகம் பட்டாலே கிழியும். கைட்டுக்கு நெஞ்சிலும் மேல்முதுகிலும் இறப்பரும், ஹார்னஸ் (கைட்டை உடம்போடு கொளுவும் இடுப்புப் பட்டி) உட்காரும் இடுப்பிலும் பின்பக்கத்திலும் துணியும் வைத்துத் தைத்ததைத் தேடுங்கள். மிஸ்டிக், அயன் போன்ற கம்பனிகள் காற்று விளையாட்டுக்கென்றே தைப்பதால் இப்படி வைப்பது அவர்களிடம் அதிகம். ஓ'நீல், ரிப் கேர்ல் சேர்ஃபிங்கிலிருந்து வந்தவை, தையல் அருமை, ஆனால் துணி எங்கே, இறப்பர் எங்கே என்று பார்த்து எடுக்க வேண்டும்.

அளவு: இங்கேதான் நான் விழுந்தேன்

என் முதல் சூட் ரொறன்ரோவில் இருந்து வந்தது. சின்னம்மாவின் மகன் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். நான் எம் சைஸ் சொல்லியிருந்தேன், அண்ணா எல் எடுத்து வந்திருந்தார். "இறுக்கமெண்டால் மூச்சு முட்டும் தம்பி, கொஞ்சம் பெருசா எடுத்தனான்." போட்டுப் பார்த்தேன், சுகமாக இருந்தது. வெட்சூட் காய்ந்த நிலையில் சுகமாக இருந்தால் அது பெரிசு என்று அப்போது எனக்குத் தெரியாது. நனைந்தால் இன்னும் இளகும்.

கடலில் நடந்தது இது. விழும்போதெல்லாம் கழுத்தால் தண்ணீர் உள்ளே இறங்கி, முள்ளந்தண்டு வளைகிற இடத்தில், ஹார்னஸுக்குச் சற்று மேலே, ஒரு பை மாதிரித் தேங்கும். எழும்பி ஓடத் தொடங்கினால் அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு வரும், திரும்ப விழுந்தால் அது வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வரும். பழகுகிற ஆள் மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை விழுவார் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலுக்கே கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தையற்காரரின் நாடாவால் நெஞ்சை, கமக்கட்டுக்குக் கீழே சுற்றி, அளந்துகொள்ளுங்கள். பிறகு இடுப்பு, உயரம். கம்பனிக்குக் கம்பனி அளவு மாறும் என்பதால் நீங்கள் வாங்கும் கம்பனியின் அட்டவணையையே பாருங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் நின்றால் நெஞ்சளவு சொல்வதை எடுங்கள், ஸ்பிரிங் சூட்டில் கை கால் நீளம் அவ்வளவு முக்கியமில்லை.

சூட் கையில் கிடைத்ததும் லேபலைக் கழற்றாமல், விடியக்காலையில், வெயில் ஏற முன் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். விறாந்தைத் தீராந்தியில் ஒரு நல்ல கயிற்றைக் கட்டி, நெஞ்சு உயரத்தில் வளையம் போடுங்கள். சூட்டைப் போட்டு அதற்கு மேலே ஹார்னஸையும் இறுக்கிக் கட்டுங்கள். கொக்கியைக் கயிற்றில் மாட்டி, கைட் இழுக்கும்போது சாய்வது போலப் பின்னால் சாயுங்கள். தும்புத்தடியை பார் (கைட்டைத் திருப்பக் கையில் பிடிக்கும் தடி) மாதிரி இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே கொண்டுபோங்கள், இறக்குங்கள், ஒரு கையை விட்டு உடம்பைத் திருப்புங்கள். ஐந்து நிமிடம் போதும்.

அந்த ஐந்து நிமிடத்தில் கவனிக்க வேண்டியவை: கையைத் தூக்கும்போது கவட்டில் இழுக்கிறதா? இழுத்தால் உடல் நீளம் போதாது. ஹார்னஸுக்குக் கீழே மடிப்பு விழுகிறதா? அந்த மடிப்பு இரண்டு மணித்தியாலத்தில் தோலை உரித்துவிடும். பிறகு வீட்டில் யாரையாவது கூப்பிட்டு முதுகின் வளைவில் உள்ளங்கையை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். என் மனைவி பழைய சூட்டில் அழுத்தியபோது கை அரை அங்குலம் உள்ளே போனது, "இதுக்குள்ள ஒரு தேங்காய்ப்பாதி வைக்கலாம்" என்றாள். புதியதில் கை வைத்த இடத்திலேயே முதுகு இருந்தது. கழுத்துக்குள் ஒரு விரல் இறுக்கமாகப் போக வேண்டும், இரண்டு விரல் போனால் திருப்பி அனுப்புங்கள்.

மூச்சு முட்டுமே என்று பயப்பட வேண்டாம். நெஞ்சு நிறைய இழுத்து விட முடிகிறது, ஆனால் உடுப்பு எங்கேயும் உடம்பை விட்டு எழும்பவில்லை என்றால் அதுதான் அளவு.

குட்டைக் கையா, நீட்டுக் கையா

முழுக் கை வைத்த ஸ்பிரிங் சூட்டும் உண்டு. சேர்ஃபிங்குக்கு அறுகம்பைக்குப் போகிறவர்களுக்கு அது சரி. கைட்டில் பாரைப் பிடித்தே இருப்பதால் முன்னங்கைத் தசை வீங்கும், அதைச் சுற்றி இறப்பர் இறுக்கினால் அரை மணித்தியாலத்தில் விரல் மரத்துப்போகும். குட்டைக் கையே எடுங்கள். வெயிலுக்கும் சொறிமுட்டைக்கும் உள்ளே ஒரு நீட்டுக்கை லைக்ரா போட்டுக்கொண்டால் போதும், கழுத்து உரசலுக்கும் அதுவே மருந்து.

விங் ஃபொயில் (கையில் காற்றுச் சிறகு பிடித்து, அடியில் தகடு பூட்டிய பலகையில் ஓடுவது) ஓட்டுபவர் காலையும் மூடினால் நல்லது, ஃபொயிலின் விளிம்பு கத்தி மாதிரி. நின்று துடுப்புப் போடும் போர்டுக்கு சூட்டே தேவையில்லை என்பது என் கருத்து.

ஸிப்பும் தையலும்

பின் ஸிப் போடவும் கழற்றவும் சுகம், தண்ணீர் கொஞ்சம் வரும். நெஞ்சு ஸிப்பில் தண்ணீர் குறைவு, ஆனால் தோள் வழியாக நுழைய ஆரம்பத்தில் யாராவது உதவ வேண்டும். எங்கள் கடலுக்குப் பின் ஸிப் போதும். அதன் நீட்டு வாரை மட்டும் வெல்க்ரோவுக்குள் ஒளித்து விடுங்கள், தொங்க விடாதீர்கள். முன்பக்கம் முழுதும் ஸிப் வைத்ததை வாங்க வேண்டாம், ஹார்னஸின் கொக்கி பூட்டிய இரும்புத் துண்டு ஸிப்பின் மேல் அழுத்தும். ஸிப் உலோகம் என்றால் உப்பு தின்றுவிடும், வைகேகே (YKK) கம்பனியின் பிளாஸ்டிக் ஸிப் என்றால் நம்பி எடுக்கலாம்.

தையலை உள்ளே திருப்பிப் பாருங்கள். இரண்டு ஓரமும் தட்டையாகப் படிந்து, நூல் ஏணிப்படி மாதிரி இரண்டு பக்கமும் தெரிந்தால் அது ஃபிளாட்லொக், எங்களுக்குச் சரி. ஒட்டி மறைதையல் போட்டது அதைவிடத் திறம், விலையும் கூட. உள்ளே சேட்டின் ஓரம் மாதிரி வரம்பு எழும்பி நின்றால் அது ஓவர்லொக், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பிறகு சேர்த்தவை

முதலில் எழுதியபோது கழுவுவதைப் பற்றி ஒரு வரிதான் போட்டிருந்தேன். பேசாலையில் இருந்து ஒரு தம்பி, ஒவ்வொரு நாளும் கழுவியும் ஸிப் இறுகிவிட்டது அண்ணா என்று எழுதினான். விசாரித்தால் கிணற்றுத் தண்ணீரில் கழுவியிருக்கிறான். எங்கள் தீவில் பாதிக் கிணறு சவர். நல்ல தண்ணீர் ஒரு வாளி எடுத்து அதில் ஊறப்போடுங்கள். சவர்க்காரத் தூள் வேண்டாம். இறுகிய ஸிப்புக்கு மெழுகுதிரியைத் தேய்த்து, மெல்ல மெல்ல ஆட்டி எடுங்கள்.

காயப்போடுவது நிழலில், உள்ளே வெளியாகத் திருப்பி, இடுப்பில் மடித்து, நன்றாகத் தடித்த தடியில். கொடிக்கயிற்றில் தோளைக் குத்தித் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் தோள் நீண்டுவிடும். மன்னார் வெயிலில் விட்டால் இறப்பர் வெடிக்கும்.

இன்னொரு சகோதரி, பெண்களுக்கு வேறு என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். பெண்களுக்கென்று வெட்டியதையே எடுங்கள், ஆண்களின் சூட்டில் நெஞ்சு இறுகி முதுகில் பை விழும். உள்ளே முழுக்கால் லைக்ரா போட்டு மேலே ஸ்பிரிங் சூட் போடுவது கரையில் நடக்கவும் வசதி, காற்சட்டை ஓரம் தொடையில் உரசுவதும் நிற்கும். அவரும் அப்படித்தான் ஓட்டுவதாகப் பிறகு எழுதினார்.

காற்றுக்காகக் கரையில் காத்திருக்கும்போது சூட்டை இடுப்பு வரை இறக்கி விடுங்கள். கறுப்பு இறப்பருக்குள் அரை மணித்தியாலம் வெயிலில் நின்றால் தலை சுற்றும், கடலில் இறங்குமுன்பே களைத்துவிடுவீர்கள். அதோடு, நியோப்பிரீன் கொஞ்சம் மிதக்கும்தான், ஆனால் அதை உயிர்காப்பு அங்கியாக நினைக்க வேண்டாம்.

கிழிசலுக்கு வெளிநாட்டுப் பசை தேடி அலைய வேண்டியதில்லை. சப்பாத்துக் கடைக்காரர் வைத்திருக்கும் அந்த மஞ்சள் கொன்டாக்ட் பசை பெரும்பாலும் நியோப்பிரீன் குடும்பம்தான். வெட்டின் இரண்டு முகத்திலும் மெல்லிசாகப் பூசி, பத்து நிமிடம் காயவிட்டு, இன்னொரு தடவை பூசி, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து நெருக்குங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் காட்டாதீர்கள். என் சூட்டின் இடது தொடையில் மட்டிக்கல் வெட்டிய இடம் அப்படி ஒட்டியதுதான், இரண்டு சோளகம் தாண்டி நிற்கிறது.