சோலி என்றால் வேலை மட்டும் இல்லை

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் வேலை மாற்றலாகி வந்த சென்னைக்கார நண்பன் ஒருவன், ஒரே மாதத்தில் ‘சோலி’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டான். சோலி என்றால் வேலை, அவ்வளவுதானே என்பது அவன் கணக்கு. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்திருந்தது. அவர் மகனைத் தெருவில் பார்த்ததும் அக்கறையாகக் கேட்டான்: “அண்ணாச்சி, அப்பா சோலி முடிஞ்சுதா?”

நல்லவேளை, அண்ணாச்சி பொறுமைசாலி.

“வந்த சோலி முடிஞ்சுதா?” என்று கேட்டால் தப்பே இல்லை. பத்திரம் பதிய வந்தவரிடமும், பந்தக்கால் நட வந்தவரிடமும் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் சோலிக்கு முன்னால் ஓர் ஆளை வைத்து, பின்னால் ‘முடிஞ்சுது’ போட்டால் அந்த ஆள் செத்தார், அல்லது ஒழிந்தார் என்று ஆகிவிடும். “அவன் சோலிய முடிச்சிட்டாங்க” என்றால் கொலையாகவும் இருக்கலாம். பொருளுக்கும் இதே கதிதான். தண்ணீரில் விழுந்த செல்போனைப் பார்த்து “சோலி முடிஞ்சுது” என்றால், இனி அதைக் கடைக்குக் கொண்டுபோயும் பயனில்லை.

அடுத்தது, ‘சோலியப் பாரு’. “ஒன் சோலியப் பாத்துட்டுப் போ” என்றால் மூக்கை நுழைக்காதே என்று அர்த்தம். சண்டை தொடங்கும் இடம் அது. அதையே வீட்டுக்கு வந்த விருந்தாளி, அடுப்படியில் நிற்கும் அத்தையிடம் “நீங்க ஒங்க சோலியப் பாருங்க, நான் இருக்கேன்” என்றால் அது பரிவு. ‘பாருங்க’வில் இருக்கும் மரியாதை பாதி, குரல் மீதி. இரண்டும் கைவராதவர்கள் இந்தத் தொடரைத் தொடாமல் இருப்பது நல்லது.

சம்பளம் வாங்கும் உத்தியோகத்துக்கு இந்தச் சொல்லைப் போடுவதும் சறுக்கல்தான். பெண் பார்க்கும் பேச்சில் “மாப்பிள்ளை என்ன வேலை பாக்காரு?” என்றுதான் நெல்லையில் கேட்பார்கள். “என்ன சோலி?” என்று கேட்டால், இங்கே உனக்கு என்ன வேலை என்று விரட்டுகிற தொனி வந்துவிடும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த குமரி மாவட்டத்தில் கதை வேறு. மலையாளத்தில் உத்தியோகத்துக்கே ‘ஜோலி’ என்றுதான் பெயர். அந்தப் பக்கம் “சோலிக்குப் போறான்” என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், எழுத்து. தெற்கே பேச்சில் ழகரம் ளகரமாகிவிடும். வாழைப்பழம் ‘வாளப்பளம்’ ஆகும். அதைத் திருத்தித் திருத்திப் பழகிய கை, திருத்தத் தேவையில்லாத சோலியையும் ‘சோழி’ ஆக்கிவிடுகிறது. மீம்களில் இதைப் பார்க்காத நாளே இல்லை. சோழி என்பது கடலில் கிடைப்பது, ஜோசியர் உருட்டுவது. “சோழி முடிஞ்சுது” என்று எழுதினால், பல்லாங்குழியில் காய் தீர்ந்துபோனது என்றுதான் நான் வாசிப்பேன்.